ஏழு மலைப் பேரவையின் தீர்மானம்

எங்கள் தோட்டத்து ஆண்களை நம்பி ராஜா கதை எழுதக் கூடாது. டிரஸர் லூர்துசாமிக்கு எழுபத்தெட்டாம் வருஷம்தான் அது புரிந்தது.

மலேசியாவில் பத்து காஜா டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பேர் வாயில் நுழையாது என்பதால் எங்களுக்கு அது கொக்குத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவில் சனிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்கு எதிரே நாடகம் போடுவது வழக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் லூர்துசாமி அண்ணன் வேதக்காரர்தான். ஆனாலும் அம்மன் திருவிழா நாடகத்துக்கு அவரை விட்டால் எழுத ஆள் கிடையாது. அந்த வருஷம் ஒரு ராஜாவும் ஆறு சேவகர்களும் வருகிற கதை எழுதியிருந்தார். ராஜாவாக நடிக்க ஏழு பேர் கை தூக்கினார்கள். சேவகனுக்கு ஒருத்தரும் இல்லை.

மேடையில் இன்னொருத்தன் காலில் விழுந்தால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எப்படித் தலைகாட்டுவது என்று ஆளாளுக்கு முறுக்கிக்கொண்டார்கள். லூர்துசாமி அண்ணன் வெறுத்துப்போய் ராஜாவையே கதையிலிருந்து அடித்துவிட்டார். அதற்குப் பதில் ஏழு மலைகள், ஏழு குலங்கள், ஏழு தலைவர்கள். எல்லாரும் சமம். ஏழு பேரும் கூடும் பேரவைதான் நாட்டை ஆளும். ஏழு பேரும் கற்பூரம் அடித்துச் சம்மதம் சொன்னால்தான் எதுவும் நடக்கும். ஆளப்படுவதற்கு அந்த நாட்டில் குடிமகன் என்று ஒரு ஈ காக்கை கூட இல்லை. அதைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சண்டை குலப் பெயருக்கு. மூன்று பேர் புலிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால் வரிப்புலி, கரும்புலி, சிறுத்தைப்புலி என்று பிரித்துக் கொடுத்தார். யானை, கழுகு, நாகம் எல்லாம் போன பிறகு அப்பாவு மாமா வந்து சேர்ந்தார். அவருக்கு உடும்பு. வசனமும் ஒரே ஒரு வார்த்தைதான், "சம்மதம்". மனுஷன் ஒத்திகை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். கிரீடத்துக்குப் பால் டின், உடைக்கு உரச் சாக்கு, இறகுக்கு லயத்துச் சேவல்கள். திருவிழா நெருங்க நெருங்க எங்கள் சேவல்கள் வெட்கப்பட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டன.

கரும்புலித் தலைவர், பேரவைக்கு மூத்தவர், என் அப்பா மாயாண்டி. நிஜத்திலும் அவர்தான் கோவில் கமிட்டித் தலைவர். சத்தியம் செய்கிற காட்சிக்கு லூர்துசாமி அண்ணன் டார்ச்சு லைட்டில் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். அப்பா அதைத் தூக்கிப் போட்டார். சத்தியம் என்றால் அம்மன் தட்டிலிருந்து எடுத்த கற்பூரமாக இருக்க வேண்டும், பொம்மை வேலையெல்லாம் தன்னிடம் ஆகாது என்றார். கற்பூரம் அடித்துச் சொன்ன சொல்லை எங்கள் தோட்டத்தில் யாரும் மீறியது கிடையாது.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு ரசிக்கும்படி இல்லை. ஈப்போ நகரத்தில் புதிதாக வந்த ரேடியோ தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திருவிழா முடிந்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், தவறினால் இடம் வேறு பெண்ணுக்கு. அப்பா முடியாது என்றார். காரணம் என்மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல. இரண்டு வருஷம் முன்னால் அப்பாவு மாமாவின் மகள் செல்லாயிக்கு இதே மாதிரி வேலை வந்தபோது, பெண்பிள்ளை தோட்டத்தை விட்டுப் போய் ஹாஸ்டலில் தங்கக் கூடாது என்று கோவில் கூட்டத்தில் எழுந்து பேசியவர் அப்பாதான். மாமாவும் தலையாட்டிவிட்டார். செல்லாயி இன்னும் என்னோடு ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தாள். இப்போது தன் மகளை மட்டும் எந்த முகத்தோடு அனுப்புவார்? வறட்டுக் கௌரவம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. லாரி ஓட்டுகிற சன்னாசி, காம்பார் டவுனில் லாரி பழுதாகி அங்கேயே மாட்டிக்கொண்டார். ஏழு மலைக்காரர்கள் பிடித்து வைத்திருக்கும் கைதிப் பெண் வேஷம் அவருக்குத்தான். மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அந்தப் பெண் கடைசி வரை முக்காட்டோடு, வாய் திறக்காமல் நிற்பதாக எழுதியிருந்தார்கள். அவளை விடுதலை செய்யலாமா என்று பேரவை முடிவு செய்வதுதான் கதை. இப்போது பெண் இல்லை. எந்தத் தலைவரும் இறங்கி வரத் தயாராகவும் இல்லை. லூர்துசாமி அண்ணன் ஆஸ்பத்திரிப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் நிக்கிறேண்ணே," என்றேன்.

எங்கள் தோட்டத்தில் பெண்கள் மேடை ஏறியது இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தனக்கே கட்டுப் போட வேண்டியிருக்கும் என்று அவர் நடுங்கினார். முக்காட்டுக்குள் யார் இருப்பது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். சன்னாசி வந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லச் சொன்னேன். 'இந்தப் பெண் போக நினைத்த இடத்துக்குப் போகலாம்' என்று அப்பா அம்மன் கற்பூரத்தை அடித்ததும் முக்காட்டைத் தூக்கிவிடுவது என்பது என் கணக்கு. அதை மட்டும் நான் லூர்துசாமி அண்ணனிடம் சொல்லவில்லை.

நாடகம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் நடு மேடையில் நின்றேன். ஒவ்வொரு தலைவரும் நீளமாகப் பேசிவிட்டுச் சம்மதம் சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். யானைத் தலைவருக்குக் கை சுட்டு, வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தை வந்தது. ஐந்து பேர் முடிந்து உடும்புத் தலைவரின் முறை வந்தது. அப்பாவு மாமா மேடை ஓரத்தில் தாழ்வான பலகையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து டின் கிரீடத்தைச் சரிசெய்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சம்மதமில்லை," என்றார்.

திரைக்குப் பின்னால் லூர்துசாமி அண்ணன் "சம்மதம், சம்மதம்" என்று எடுத்துக் கொடுத்தார். மாமா காதில் வாங்கவே இல்லை. அப்பா செந்தமிழில் காரணம் கேட்டார். மாமா சாதாரணத் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

"இந்த ஒரு பொண்ண மட்டும் விட்டுட்டா, எங்க உடும்பு மலைப் பொண்ணுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க? போறதுன்னா ஏழு மலைப் பொண்ணுங்களும் போலாம்னு சொல்லுங்க. இல்லாட்டி நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்லா."

சொன்னபடி சப்பணமிட்டு உட்கார்ந்தும் விட்டார். பேருக்கேற்ற உடும்புப்பிடி. ஏழு பேரும் சம்மதித்தால்தான் நாடகம் முடியும் என்பதால் பேரவை நிஜமாகவே கூட வேண்டியதாயிற்று. மலைகளை விட்டு இத்தனை பெண்கள் போனால் ரொம்ப சூசா, கஷ்டம் ஆகிவிடுமே என்று நாகத் தலைவர் கவலைப்பட்டார். பஸ் தோட்டத்து கேட் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளுமா என்று கழுகுத் தலைவர் விசாரித்தார். ஹாஸ்டலில் சோறு போடுவார்களா, தினமும் மீ நூடுல்ஸ்தானா என்று சிறுத்தைப்புலிக்குச் சந்தேகம். "மலநாட்டுல ஏதுய்யா பஸ்ஸூ" என்று திரைக்குப் பின்னாலிருந்து அழுகிற குரல் கேட்டது. கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து, ஹாஸ்டலில் ஒரு வார்டன் அம்மா இருக்கிறாராம் என்று பதில் கூட வந்தது. பேரவை அதைக் குறித்துக்கொண்டது.

கடைசியில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னாசியின் பாதம் துடுப்பு மாதிரி இருக்கும். அவர் அளவுக்குத் தைத்த சாக்குப் பாவாடை தடுக்கக் கூடாதென்று நான் கணுக்காலுக்கு மேலே இழுத்துச் செருகியிருந்தேன். பயத்தில் நான் வேறு வலது கால் விரலால் இடது காலைச் சொறிந்துகொண்டிருந்தேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், ஈப்போ போயிற்று, முதுகுத் தோலும் போயிற்று என்று நினைத்தேன். லூர்துசாமி அண்ணன் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார்.

அப்பா குனிந்து தன் கையாலேயே புதிதாகக் கற்பூரம் ஏற்றினார்.

"இந்தப் பொண்ணும் போலாம். ஏழு மலைப் பொண்ணுங்களும் போலாம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அடித்து அணைத்தார். அப்பாவு மாமா துள்ளி எழுந்து தன் பங்குக்கு ஓங்கி ஒரு அடி அடித்தார். கூட்டம் கைதட்டிய சத்தத்தில் கோவில் மேளம் கூடக் கேட்கவில்லை. நான் முக்காட்டைத் தூக்கப் போனேன். அப்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தூக்காத. அப்படியே எறங்கிப் போ. துணியெல்லாம் எடுத்து வைக்கணும்ல."

மறுநாள், நான் ஈப்போவுக்குக் கிளம்புவது தெரிந்ததும், கோவிலடியில் பலரும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லாயிக்கு அன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன வாய் இன்றைக்கு எப்படி மாறியது என்று கேட்டார்கள். ஏழு தலைவர்கள் கூடி அம்மன் கற்பூரம் அடித்த தீர்மானத்தைத் தான் ஒருத்தன் எப்படி மாற்றுவது என்று அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார். வரிப்புலி, நாகம், யானை எல்லாரும் அங்கேயே நின்று ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பாவு மாமா, திங்கட்கிழமை திறந்ததுமே தொழிற்சாலையில் செல்லாயிக்கும் ஓர் இடம் கேட்டுப் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு அன்றே ஈப்போவுக்குப் பஸ் ஏறிவிட்டார். அன்று மேடையில் தாழ்வான பலகையிலிருந்து அவரும் என் காலைப் பார்த்தாரா, இல்லை வசனம் நீள வேண்டும் என்றுதான் பேசினாரா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உடும்புக் குலத்து ரகசியம் என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம், மேடையில் இல்லாமல் வீட்டில் தனியாக இன்னொரு தடவை கெஞ்சியிருந்தால் விட்டிருப்பாரா என்று கேட்டேன். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டேன்," என்றார். "வேணாம்னு சொல்ல நான் ஒருத்தன் போதும்மா. சரின்னு சொல்றதுக்குத்தான் எனக்கு ஆறு பேரு தொணைக்கு வேண்டியிருந்துச்சு."