ஆர்லீனின் தோட்டா

இறந்துபோன கணவன் மெரிட்டின் பழைய .22 துப்பாக்கியோடு ஆர்லீன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் தோட்டா உள்ளே நுழையவில்லை. துப்பாக்கி கிளப்பில் மெரிட்டின் பழைய நண்பன் ஆர்வில், குழலில் தோட்டா நுழையும் வாயை உற்றுப் பார்த்தான்.

"காலியா வெச்சு விசையை இழுத்தியா? தோட்டாவை அடிக்குற ஊசி குழல் விளிம்புலயே அடிச்சுப் பிசிறு எழும்பியிருக்கு. மெரிட் பழகுறப்போ சுட்ட தோட்டாவோட வெத்துக் கூட்டைப் போட்டுட்டுத்தானே இழுப்பான், மக்கு!"

"அந்த 'டிக்' சத்தம் கேட்டா, அவன் பக்கத்து ரூம்ல பழகுற மாதிரி இருந்துச்சு. தினமும் இழுத்தேன். கெட்டுப்போச்சா?"

ஆர்வில் வழவழப்பான எஃகு முளையொன்றைக் குழல் வாயில் செருகி, பிசிறை மெல்ல அமுக்கிப் பழைய இடத்துக்கே தள்ளினான். தோட்டா வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

போட்டியில் ஆர்லீன் பாயில் படுத்து, இலக்கு அட்டையைக் குறிபார்த்துச் சுட்டாள்.

"பத்துக்கு ஏழு!" என்றான் ஆர்வில். "மெரிட்டோட முதல் குண்டு பக்கத்து ஆளு அட்டையில விழுந்துச்சு, தெரியுமா?"

"என்கிட்ட பத்துன்னானே, திருட்டுப்பய!" என்று சிரித்தபடி அடுத்த தோட்டாவை எடுத்தாள்.