அரையடி பின்னால்

எட்டுப் பாட்டும் முடிந்தது என்று நினைத்துத்தான் அவள் கிதாரைப் பெட்டியில் வைத்தாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றாமலே கையைக் காட்டினார்.

"பெட்டியை மூடாதேம்மா. ஒவ்வொரு பாட்டுலயும் பல்லவி வர்றப்போ எங்கே ஓடிப்போறே?"

"எங்கேயும் போகலையே சார்."

போட்டுக் காட்டினார். சரணத்தில் காதருகே இருந்த குரல், பல்லவி வந்ததும் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. எட்டிலும் அப்படியே.

"சத்தத்தைக் கூட்டலாம். தூரத்தைக் குறைக்க முடியாது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருடம் ராக் குழுவில் இருந்தவள். பாட்டெல்லாம் அவள் எழுதியது; பாடியது அண்ணன். பல்லவியில் மட்டும் கூடச் சேர்ந்து பாடுவாள், அவன் குரல் அமுங்காமலிருக்க மைக்கை விட்டு அரையடி பின்னால் போய். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு தடவை முறைத்தான், அது போதும். குழுவை விட்டு வந்து நான்கு மாதமாகிறது. கால் மட்டும் இன்னும் வரவில்லை.

மணி மூன்று. ஐந்து மணிக்குள் தன் முதல் தனி ஆல்பத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். மறைக்காமல் சொன்னாள். சிரித்தான்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? நான் வந்து பல்லவியெல்லாம் பாடித் தந்துடறேன். அட்டையில என் பேரைச் சின்னதா போடு, போதும்."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. வந்தால் நன்றாகவே பாடுவான். கேட்கிறவர்களுக்கு அது குழுவின் இன்னொரு ஆல்பம், அவ்வளவுதான்.

"வேணாம்ணா. நானே மறுபடி பாடிக்கறேன்."

"மறுபடியும் பின்னாலதான் போவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டுப் பாடினாள். கால் பின்னால் போனது. இன்னொரு தடவை பாடினாள். அப்போதும் போனது.

"தரையில கோடு போடட்டுமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"கோட்டை யார் சார் மதிக்கிறாங்க?"

மைக் ஸ்டாண்டைத் தூக்கிப்போய் மூலையில் வைத்தாள். சுவருக்கும் மைக்குக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டாள்.

"அங்கே சத்தம் முரடா வரும்மா."

"வரட்டும்."

பல்லவி வந்தது. குதிகால் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. குரல் நின்ற இடத்திலேயே நின்றது. எட்டுப் பாட்டிலும் இடித்தது.

"இடிக்கிறது கேக்குது. எடுத்துடவா?"

"தாளத்துல இருக்கா?"

அவர் ஒருமுறை போட்டுக் கேட்டார். "இருக்கு."

"அப்போ இருக்கட்டும்."

ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பெட்டியை மூடினாள்.