யாரும் வட்டமடிக்காத ஒரு மணி நேரம்

காலை எட்டு மணி ஆனால் போதும், அந்த விமான நிலையத்து ரேடார் அறை சந்தைக்கடைதான். இருபது விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நிற்கும். வானத்தில் நிற்கவா முடியும்? முறை வரும்வரை ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக வட்டமடிக்கும். இருபது வருடமாக அப்படிச் சுற்றவைத்த பிரிவுத் தலைவருக்கு அறையில் வைத்த பெயர் 'செக்கு சார்'. அவர் காதில் விழாமல்தான்.

அவரிடமே போய், "சுத்தவே வேணாம் சார்" என்றாளே ஒருத்தி, அவள் துணிச்சலை என்ன சொல்ல! அதே அறையில் ரேடார் பார்ப்பவள், பட்டப்பெயர் கணக்குப்புலி. இருநூறு மைலுக்கு அப்பாலேயே ஒவ்வொரு விமானத்தையும் கொஞ்சம் மெதுவாக வரச் சொல்லிவிட்டால், அதனதன் முறைக்குச் சரியாக வந்து இறங்கும் என்பது அவள் கட்சி. இரண்டு வருடம் நடையாய் நடந்து, சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் வாங்கினாள்.

"ஒரே ஒரு ப்ளேன் சுத்தினாலும் உன் ஃபைலை மூடிடுவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாதும்மா" என்றார் அவர்.

எட்டுக்குத் தொடங்கியது. இருபது நிமிடம் போயிருக்கும், அறையில் சத்தமே இல்லை. வழக்கமாக ஓயாமல் கத்தும் ரேடியோவில் ஒரு முழு நிமிடம் எந்த விமானியும் வாய் திறக்கவில்லை.

செக்கு சார் பதறி எழுந்தார். "ரேடியோ செத்துப்போச்சு! எல்லாத்தையும் சுத்தச் சொல்லு, மாத்து ரேடியோவை எடு!"

சொன்னால் இரண்டு வருட உழைப்பும் அதோடு சரி. உண்மையிலேயே ரேடியோ போயிருந்தால்? "ஒரே நிமிஷம் சார்" என்று கெஞ்சி, முதலில் வரும் விமானியைக் கூப்பிட்டாள். "நான் பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது மேடம். கேக்கறதுக்கு எங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்ல. என்ன, இன்னிக்கு யாரும் திட்டவே காணோம்?"

அறையே குபீரென்று சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நம்பாமல், அவளுடைய இருக்கையில் இன்னொருவரை உட்காரவைத்து, அவளையும் இழுத்துக்கொண்டு மேலே கண்ணாடிக் கோபுரத்துக்கு ஏறினார்.

அம்மாடி! திரையில் புள்ளிகளாக மட்டுமே அவள் பார்த்திருந்தது இப்போது கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று ஓடுதளத்தைத் தொட, அடுத்தது மரங்களுக்கு மேலே. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் தொடுவானம்வரை விமான விளக்குகள், அளந்து வைத்த இடைவெளியில். ஒன்றுகூட முந்தவில்லை, ஒதுங்கவில்லை. அத்தனைக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதையா நான் செய்தேன் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

ஒன்பது தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஒன்றும் சுற்றவில்லை. "சார், நேரம் முடிஞ்சிடுச்சு. பழையபடி மாத்தச் சொல்லட்டுமா?"

அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"இருபது வருஷமா எத்தனை பேரை வீட்டுக்குப் போகவிடாம சும்மா சுத்தவிட்டிருக்கேன்! இதைப் பாத்தப்புறமும் எந்த வாயாலம்மா மாத்துன்னு சொல்வேன்?"