பின்னங்காலுக்கு அடியில் ஒரு கை

வட சுவீடனின் அந்தச் சிறு ஊரில், முயல்களைத் தடை தாண்டப் பழக்கிப் போட்டிக்கு விடும் சங்கத்தில் சேரும் பிள்ளைகளுக்கு டீரா முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான். முயலைத் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, இன்னொரு கை பின்னங்காலுக்கு அடியில். கயிறு கோக்க அதன் உடம்பில் மாட்டும் மார்ப்பட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அந்தரத்தில் அது உதறினால் அந்த உதறலே அதன் முதுகை முறித்துவிடும். வருடா வருடம் தொண்டை வறளச் சொல்லுவாள்.

சொன்னவளே அதைச் செய்தாள். இலையுதிர்காலப் போட்டியில் அவளுடைய கறுப்பு முயல் லக்ரிட்ஸ் மற்ற எல்லாத் தடைகளையும் தாண்டிவிட்டுக் கடைசித் தடைக்கு முன்னால் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டீராவின் கை தானாகப் பட்டையைப் பிடித்து மேலே இழுத்தது. லக்ரிட்ஸ் ஒரே ஒரு முறை உதைத்தது. கெட்டி ரொட்டி ஒடிகிற மாதிரி மெல்லிய சத்தம். இறக்கி விட்டபோது பின்னங்கால்கள் இரண்டும் துணிபோல் கிடந்தன.

"கொஞ்ச நாள் வெச்சுப் பாக்கலாம். ஆனா பெருசா நம்பிடாதீங்க" என்றார் கால்நடை மருத்துவர். டீரா நம்பினாள். வேளாவேளைக்கு அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் கழிக்கவைத்தாள், வெந்நீரில் பின்பக்கம் கழுவித் துடைத்தாள், சதகுப்பைக் கீரையை வாயருகே பிடித்தாள். கால்விரலைக் கிள்ளிப் பார்ப்பாள். அசையாது. மறுபடியும் கிள்ளுவாள்.

ஒரு மத்தியானம் அக்கா ஹெட்விக் இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தாள். முயலின் தொடையில் சிறுநீர் பட்டுத் தோல் வெந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் காபியைத் தள்ளி வைத்தாள்.

"போதும்டி. அத நிம்மதியாப் போக விட்டுடு."

"சாப்பிடுதுல்ல."

"சாப்பிட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா? தோலெல்லாம் வெந்து கெடக்கு பாரு."

"தாண்டும்போது தப்பா விழுந்துச்சு, அவ்ளோதான். தேறிடும் அக்கா."

ஹெட்விக் ஈரப்பனி வழிந்த ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குப் போட்டியப் படம் புடிச்சதே நான்தான்டி" என்றாள்.

டீராவுக்கு முகம் எரிந்தது. அக்கா இத்தனை நாளாகத் தெரிந்துகொண்டே வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். எழுந்து போய், ஆணியில் தொங்கிய மார்ப்பட்டையைக் குப்பையில் எறிய எடுத்தாள். கொக்கி கிணுகிணுத்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் லக்ரிட்ஸின் காதுகள் நிமிர்ந்தன. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பின் பின்பாதியை இழுத்து இழுத்து, தரை முழுக்க ஈரம் பட அவள் காலடிக்கு வந்தது. பயிற்சிக்குப் புறப்படும்போது எப்போதும் செய்வதுபோலப் அவள் கையிலிருந்து தாழத் தொங்கிய பட்டைக்குள் தலையை நுழைத்துவிட்டுக் காத்திருந்தது.

பயந்து ஒதுங்கியிருந்தாலும், கடித்திருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. டீரா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஹெட்விக் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அழுகை ஓய்ந்த பிறகு டீராவே மருத்துவருக்குப் போன் செய்து, லக்ரிட்ஸை வலியில்லாமல் அனுப்பிவைக்க நேரம் கேட்டாள்.

வாசலில் ஹெட்விக் கூடையை நீட்டினாள்.

"வேணாம், நானே தூக்கிட்டு வரேன்."

காரிலிருந்து மருத்துவரின் மேசை வரைக்கும் டீரா கையிலேயே ஏந்திப் போனாள். ஒரு கை நெஞ்சுக்கு. இன்னொரு கை, எதையும் உணராத அந்தப் பின்னங்கால்களுக்கு அடியில்.