எழுதிப் பார்க்கும் தாள்

அக்கா நச்சரித்ததால்தான் அந்தப் பேனாப் பட்டறைக்குப் போனேன். இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் மருந்து கம்பெனிக்காரன் கொடுத்த ஓசிப் பேனாவில் எழுதியது போதுமாம். லீவிலாவது எனக்கென்று ஒன்று வாங்க வேண்டுமாம். எனக்கோ எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

பட்டறையில் ஒரே ஆள்தான். நான் டாக்டர் என்று அக்கா நுழைந்ததுமே அவரிடம் சொல்லிவிட்டாள். தானே லேத்தில் கடைந்த மூன்று மைப்பேனாக்களை எடுத்து வைத்தார்: பித்தளை, அலுமினியம், எவர்சில்வர். கிளிப் இல்லை, வளையம் இல்லை, செய்தவர் பேர்கூட இல்லை. எவர்சில்வர் பேனா கையில் ஜில்லென்று கனத்தது.

"பேனாவுக்குப் போய் இவ்வளவு யோசனையா? சட்டுனு முடிவு பண்ணுடி," என்றாள் அக்கா.

"எழுதிப் பாருங்க டாக்டர்," என்று பேனாக்காரர் ஒரு தாளை நீட்டினார். முன்பு வந்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் பேரை எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன். நிப்பு வழுக்கிக்கொண்டு போனது.

எட்டிப் பார்த்த அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. 'மரணக் காரணம்: மாரடைப்பு. நேரம்: பகல் 2.10' என்று எழுதியிருந்தேன். வார்டில் நான் அதிகம் எழுதுவது அதைத்தான்: பேர், வயது, மரணக் காரணம், நேரம்.

பேனாக்காரர் அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்தார். "உங்க இஷ்டத்துக்கு ஏதாவது எழுதுங்க."

ரொம்ப நேரம் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் என் பேரை எழுதினேன். கை அதோடு நிற்கவில்லை. பக்கத்திலேயே வயதையும் போட்டது.

அக்கா பேனாவைப் பிடுங்கி மூடினாள்.