ஜாடி தெரிந்த இரண்டு பேர்

நம்பிக்கைக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் காப்பர்நாப் ஏரிப் பக்கம் வந்ததில்லை. அங்கே அதற்கு விலை ஒரு பெட்டி பீர். அதுவும் நல்ல பீர் இல்லை. பெட்ரோல் பங்கில் தள்ளுபடிக்கு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம்.

இந்த விலையைக் கட்டியவன் ஹாலிஸ் ப்ரூயிட். ஏரிக்கரைச் சாலையில் பழைய படகு, பழைய எஞ்சின், பழைய துப்பாக்கி, விவாகரத்தானவர்கள் கழற்றிய மோதிரம் என்று எதையும் வாங்கி எதையும் விற்கிற கடை அவனுடையது. விற்க வருகிறவன் முகத்தைப் பார்த்துப் பாதி விலை சொல்வான். வாங்க வருகிறவன் செருப்பைப் பார்த்து இரண்டு மடங்கு சொல்வான். இப்படிப் பிழைக்கிறவனுக்குக் கண்ணாடி ஜன்னல் ஒரு பெரிய உபகாரம். அந்த ஜன்னல் வழியாகத்தான், ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை, பல் டாக்டர் லைல் ஸ்டென்மார்க் ஒரு பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெர்லினின் பிக்கப் வண்டியில் வைத்ததையும், போகிறபோது வெர்லினின் முதுகில் தட்டியதையும் ஹாலிஸ் பார்த்தான்.

பெட்டியை மன்னித்துவிடலாம். முதுகில் தட்டியதை எப்படி மன்னிப்பது?

வெர்லின் ஓக்ஸ் பனிக்காலத்தில் சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுவான், கோடையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பான். ஹாலிஸோடு ஒரே படகில் பதினேழு வருஷமாகக் கெண்டை அடிக்கிறான். ஹாலிஸ் முன்னால் மேடையில் வில்லோடு நிற்பான். வெர்லின் பின்னால் ஓடக்கோல் ஊன்றுவான். அவன் கோல் போட்டால் தண்ணீருக்கே தெரியாது. இந்தக் கூட்டு இத்தனை வருஷம் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஊரில் ஹாலிஸோடு ஒரு படகில் ஏற வெர்லினைத் தவிர வேறு ஆளில்லை. எல்லோரும் அவன் கடையில் ஒரு முறையாவது எதையாவது விற்றவர்கள்.

அந்த ஏரியில் கெண்டையை யாரும் சாப்பிடுவதில்லை. ட்ரவுட் மீனுக்கு வாய்த்த தெளிந்த மலைத் தண்ணீரை, அடிமண்ணைக் கிளறிக் கிளறிச் சேறாக்குகிற ஜந்து அது. அதனால் வருஷத்துக்கு ஒரு நாள், ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, ஊரே வில்லோடு இறங்கும். விடியும்போது சங்கு ஊதினால் ஆரம்பம், உச்சியில் ஊதினால் முடிவு. யார் படகில் எடை அதிகமோ அவர்கள் ஜெயித்தவர்கள். மீன் அத்தனையும் உரத்துக்குப் போகும். எதற்கும் உதவாத மீனுக்கு இவ்வளவு மானப் போட்டியா என்று கேட்பது வெளியூர்க்காரர்கள் வேலை.

லைல் ஸ்டென்மார்க் மாதிரி எதிர்ப்படகுக்காரர்களைத் தாண்டி ஹாலிஸும் வெர்லினும் பெரும்பாலும் ஜெயித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஜாடி. ஏரியின் கிழக்கு மூலையில், வில்லோ மரப் புதருக்கு நடுவே படகு உரசிக்கொண்டு நுழைகிற மாதிரி ஒரு சின்ன வாய். உள்ளே போனால் அகலமான வயிறு. பனி உருகி ஏரி ஏறும்போது அங்கிருக்கும் புல்வெளி முழங்கால் ஆழத்துக்கு முங்கிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், முங்கின புல். முட்டையிட வருகிற கெண்டைகளுக்குக் கல்யாண மண்டபம். ஜாடி என்று பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான். அந்தப் பெயர் தெரிந்தவர்களும் இரண்டு பேர்தான்.

பீர் பெட்டியைப் பார்த்த அன்று சாயங்காலமே ஹாலிஸ் மண் பாதையில் வண்டியை ஓட்டிப்போய், பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, புதருக்குள் நடந்து ஜாடியை எட்டிப் பார்த்தான். வாய்ப் பக்கத்து ஆழமில்லாத சேற்றில் கோல் ஊன்றிய குழிகள். புதுசு. ஓரம் இன்னும் இடியவில்லை.

மறுநாள் வெர்லின் கடைக்கு வந்தான், ஒரு எஞ்சினுக்கு பிளக் தேடிக்கொண்டு.

"என்ன வெர்லின், இந்த வருஷம் தாகம் ஜாஸ்தியோ?"

"என்னடா சொல்ற?"

"ஒண்ணுமில்ல. வண்டியில பெட்டி ஏறினாப்ல இருந்துச்சு."

"அதுவா. லைல் குடுத்தான். உனக்குப் பாதி வேணுமா?"

ஹாலிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டான். வாங்கின லஞ்சத்தில் பங்கு கொடுக்கிறவன் எவ்வளவு பெரிய கைகாரனாக இருக்க வேண்டும்.

"நான் அந்த மட்டமான பீர் குடிக்கிறதில்ல."

"போன வாரம் என் வீட்டுல நாலு குடிச்ச."

"அது மரியாதைக்கு."

லைல் எதற்குக் கொடுத்தான் என்று ஹாலிஸ் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். பொய்யைக் காதில் வாங்கிவிட்டால் அப்புறம் அதற்குத் தகுந்த முகம் வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரனுக்கு முகம்தான் முதல். அதை வீணாகச் செலவழிக்க முடியாது.

"தண்ணி சூடாயிட்டு வருது. சனிக்கிழமைக்கு சரியா இருக்கும்" என்றான் வெர்லின், பிளக்கைத் துடைத்துக்கொண்டே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் தெரியுறதுதானே?"

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ஹாலிஸ் தலையை ஆட்டியிருப்பான். இந்த வருஷம் அந்தப் பதிலைப் பல்லில் கடித்துப் பார்த்தான், கள்ள நாணயத்தைப் பார்க்கிற மாதிரி.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் கடையைப் பூட்டிவிட்டு ஜாடிக்குக் காவல் போனான். கொசு கடித்தது. ஒரு நாரை இவனை வெறுப்போடு பார்த்தது. ஆள் ஒருவரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சேற்றில் குழி கூடிக்கொண்டே இருந்தது.

வீட்டில் அவன் மனைவி நடீன் சாப்பாட்டைச் சூடு பண்ணி அலுத்துப்போனாள்.

"யோவ், தினம் சாயங்காலம் எங்க போற?"

"கணக்கு பாக்க."

"கணக்கு பாத்தா காலெல்லாம் சேறு ஆகுமா? வேற பொம்பளைன்னா சொல்லிடு. நான் நிம்மதியா டிவி பாப்பேன்."

"வெர்லின் என்னை வித்துட்டான் நடீன்."

"உன்னையா? வாங்கினது யாரு, பாவம்?"

அவன் பீர் பெட்டியையும் குழியையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"கேட்டா தெரிஞ்சுக்குவான்."

"என்னத்த?"

"எனக்குத் தெரியும்னு."

நடீன் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஹாலிஸ் பொறி வைத்தான். படகில் கயிற்றுச் சுருளையும் அம்புகளையும் ஏற்றும்போது, போகிற போக்கில் சொல்கிற மாதிரிச் சொன்னான்: "நாளைக்கு ஜாடி வேண்டாம். அணைக்கட்டுக்குப் போவோம். நேத்து பாத்தேன், பெருசு பெருசா மேயுது."

வெர்லின் நிமிர்ந்து பார்த்தான். "அணைக்கட்டுலயா? அங்க வெறும் கல்லு. புல்லே கிடையாதே."

"நான் என் கண்ணால பாத்தேன்."

"கெண்டை கல்லு மேல முட்டை போட்டு நான் பாத்ததில்ல."

"அப்ப நாளைக்குப் பாரு."

கணக்கு எளிது. அணைக்கட்டு என்பதை வெர்லின் ஒருவனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். ஸ்டென்மார்க் சகோதரர்கள், அதாவது லைலும், கூரை வேலை காண்ட்ராக்ட் எடுக்கிற அவன் அண்ணன் கர்ட்டும், நாளை அணைக்கட்டில் வந்து நின்றால் திருடன் யாரென்று தீர்ந்தது. வராவிட்டால்? அதை ஹாலிஸ் யோசிக்கவில்லை. பொறி வைக்கிறவன் எலி இல்லாத வீட்டைப் பற்றி யோசிப்பதில்லை.

சனிக்கிழமை சங்கு ஊதியது. படகுகள் நாலு பக்கமும் பிரிந்தன. அணைக்கட்டுக் கல் வரிசையோரம் வெர்லின் கோல் போட்டான். ஹாலிஸ் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்தான்.

"மீன் கீழ இருக்கு" என்றான் வெர்லின்.

ஒன்றிரண்டு குட்டிக் கெண்டைகள் கிடைத்தன. தண்ணீருக்குள் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது, அதற்குக் கீழே வைத்து அடிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஹாலிஸ் அன்று அதைக்கூட மறந்து மேலே மேலே அடித்தான். கயிறு கட்டிய அம்பு கல்லில் மோதி முனை மழுங்கியது. வெயில் ஏறியது. ஸ்டென்மார்க் படகு வரவில்லை.

ஹாலிஸுக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது ரொம்ப நேரம் உட்காரவில்லை. வெர்லின் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பொறி என்று கண்டுபிடித்துவிட்டான். நேற்று நிமிர்ந்து பார்த்தானே, அப்போதே. பொறியைக் கண்டுபிடிக்கிறவன் யார்? குற்றவாளி.

"கோலை எடு. ஜாடிக்குப் போவோம்" என்றான்.

"இப்பவா? வெயில் ஏறிப்போச்சு."

"போவோம்னு சொன்னேன்."

வெர்லின் எஞ்சினைப் போட்டான். வில்லோப் புதருக்கு முன்னால் நிறுத்தி, கோலால் தள்ளி வாய்க்குள் நுழைந்தார்கள்.

ஜாடியின் நடுவயிற்றில் ஸ்டென்மார்க் படகு நின்றது. புதுப் படகு, பளபளவென்று. அதற்குள் கெண்டைகள் விறகு மாதிரி குவிந்து கிடந்தன. தண்ணீர் முழுக்கச் சேறும் செதிலும். மிச்ச மீன் புல்லை விட்டு எப்போதோ ஓடிப்போயிருந்தது.

ஹாலிஸ் திரும்பி வெர்லினைப் பார்த்தான். ஒரு வாரமாகத் தேய்த்துக் கூர் பண்ணி வைத்திருந்த வாக்கியம் அது.

"பீர் நல்லா இருந்துச்சா?"

வெர்லினுக்குப் புரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து லைல் கையை ஆட்டினான்.

"வாய்யா ஹாலிஸ். உனக்குத்தான் நன்றி சொல்லணும்னு நானும் அண்ணனும் பேசிட்டிருந்தோம்."

"எனக்கா?"

"வாரம் பூரா உன் சிவப்பு வண்டி மண் பாதை முடிவுல நிக்குது. கதவுல கடை பேரு வேற கொட்டை எழுத்துல. என் கிளினிக்ல பல்லைப் புடுங்க வர்றவன் எல்லாம் அதைத்தான் பேசுறான்."

கர்ட் சிரித்தான். "மாமியார் சாவுக்கே பெட்ரோல் வீணாகும்னு போகாம பூ அனுப்பினவன் நீ. தினம் இவ்வளவு தூரம் சும்மா வருவியா? இறங்கிப் பாத்தோம். இருந்துச்சு."

"அந்தக் குழி? சேத்துல கோல் குழி?" ஹாலிஸின் குரல் கீழே இறங்கிவிட்டது.

"அது நான்" என்றான் பின்னாலிருந்து வெர்லின். "விடியக்காலைல வந்து தெர்மாமீட்டர் விட்டுப் பாப்பேன். வருஷா வருஷம். தண்ணி சூடாச்சா இல்லையான்னு எனக்குக் கனவுலயா தெரியும்?"

"சொல்லவே இல்லையே."

"நீ எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்கிற ஆளா? எந்திரிச்சிருந்தா கூப்பிட்டிருப்பேன்."

"அந்தப் பீரு..."

"எங்க எஞ்சினுக்கு சீல் மாத்திக் குடுத்தான்யா" என்றான் லைல். "காசு வேண்டாம்னான். பெட்டியை வலுக்கட்டாயமா வெச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

வெர்லின் கோலைச் சேற்றில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, நின்றான். சில விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து சேர்வதை ஹாலிஸ் பார்த்தான். பார்க்காமலிருக்க முடியுமென்றால் எதையும் பாதி விலைக்கு விற்றிருப்பான்.

"அப்ப காலைல அணைக்கட்டுக்குப் போனது மீன் புடிக்க இல்ல" என்றான் வெர்லின். "என்னைப் புடிக்க."

"வெர்லின்..."

"முன்னால திரும்பு. புல் ஓரத்துல ஒண்ணு இருக்கு. அடி."

அதன் பிறகு உச்சிச் சங்கு ஊதுகிற வரை அவன் பேசவில்லை. கோலை மட்டும் குறை வைக்காமல் போட்டான். சத்தமில்லாமல், அலையில்லாமல், ஒவ்வொரு மீனுக்கும் ஹாலிஸைச் சரியான கோணத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். திட்டியிருந்தால் ஹாலிஸுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். திட்டுக்கு எதிர்த் திட்டு உண்டு, பேரம் உண்டு, நடுவில் எங்கேயாவது வந்து நிற்கலாம்.

படகுத்துறையில் பெர்னீஸ் எடைத்தட்டோடும் சாக்கட்டியோடும் உட்கார்ந்திருந்தாள். எடை எழுதுவதும் அவள்தான், அடுத்த வருஷத்துக்குப் பெயர் பதிவதும் அவள்தான். காப்பர்நாப்பில் அடுத்த வருஷத்துப் பெயரை அன்றைக்கே, மீன் நாற்றத்துக்கு நடுவிலேயே, அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொன்னால் எழுத மாட்டாள். பன்னிரண்டு மாதத்தில் படகும் பெண்டாட்டியும் மாறிப்போன ஊர் அது, கூட்டாளி எம்மாத்திரம்.

"ரெண்டு பேரும் பேரைச் சொல்லுங்க. சும்மா ஒரு சடங்குக்கு" என்றாள்.

"ஹாலிஸ் ப்ரூயிட்" என்றான் ஹாலிஸ்.

வெர்லின் கையிலிருந்த செதிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஹாலிஸ் அவன் பக்கமாக நகர்ந்து குரலைத் தணித்தான். "அடுத்த வருஷம் நீ முன்னால நில்லு. வில்லு உனக்கு. நான் கோல் போடுறேன்."

"உனக்குக் கோல் போட வராது."

"கத்துக்கறேன். நம்ம படகு எஞ்சினையும் உன் பேருக்கே எழுதிடறேன். அது புது எஞ்சின் வெர்லின்."

"அது புதுசு இல்ல. நான்தான் ரிப்பேர் பாத்தேன்."

"வேற என்ன வேணும்? சொல்லு."

வெர்லின் அவனை, ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நீ விலை சொல்லிட்டே இருக்க ஹாலிஸ். நான் எதையும் விக்க வரல."

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப் வண்டியைப் பார்த்து நடந்தான். கோபமாக நடக்கவில்லை, வேலை முடிந்தவன் நடை.

"எழுதட்டுமா, வேண்டாமா?" என்றாள் பெர்னீஸ்.

"அவன் பேரை எழுதிக்கோ. வருவான்."

"அவன் சொல்லல."

"இடத்தையாவது விட்டு வை."

பெர்னீஸ் அவனை ஒரு தரம் பார்த்தாள். அவளும் அவன் கடையில் ஒரு மோதிரம் விற்றவள். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கடைசி வரிகளை எழுதினாள்.

ஸ்டென்மார்க், ஸ்டென்மார்க்: நானூற்றுப் பதினெட்டு பவுண்டு.

ப்ரூயிட், ஓக்ஸ்: எழுபத்தொன்பது.

அடுத்த வருஷத்துக்கு, ப்ரூயிட்: ஒரு ஆள் வரவு. கூட்டாளி: பாக்கி.