துவைத்துப் போட்ட சாட்சி

ஆஸ்பெஸ்டாஸ் தகடு அறுக்கும் தொழிற்சாலையில் காலமெல்லாம் மாடாய் உழைத்தவர் அவர். நுரையீரல் கெட்டது என்னவோ அவர் மனைவிக்கு. வேலைச் சட்டையைத் துவைத்துத் துவைத்தே வந்த வினை என்றார் டாக்டர். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டதும், தொழிற்சாலை வாசல்படியே மிதிக்காத பெண்மணிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

சாட்சியாக மிஞ்சியது, பரணில் கிடந்த ஒரே ஒரு பழைய வேலைச் சட்டை. அதன் தூசியைச் சோதனைக்குக் கம்பெனி ஆள் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடவே கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் கேட்டுத் தலையாட்டினாள்.

ஆள் வரும் நாளன்று காலையில் அந்தச் சட்டை சொட்டு நீலம் போட்டுக் கொடியில் பளிச்சென்று தொங்கியது.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட!"

"நாலு பேர் முன்னாடி அந்த அழுக்கையா விரிக்கிறது? உங்கள நான் அப்படி வச்சிருந்தேன்னு நெனைக்க மாட்டாங்களா?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவருக்குத் திட்ட மனசு வரவில்லை.

வக்கீல் வந்து சேர்ந்த பின்னால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து மேலே போனவர். சட்டையைத் தடவிப் பார்த்தார். "பொட்டுத் தூசி இல்லையே. புது மாப்பிள்ளை சட்டை மாதிரில்ல இருக்கு."

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "தினமும் எப்படிம்மா துவைப்பீங்க?"

"அப்படியே தண்ணில போட்டா தூசி ஒட்டிக்கும். மொதல்ல நல்லா உதறணும்."

சட்டையை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பட்டென்று ஓர் உதறு உதறினாள்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்வாங்கியிருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம் அது. துணி உதறும் சத்தம் கேட்டால் போதும், கை தானாக மூக்குக்குப் போகும்.

"தூசியே இல்லன்னீங்களே சார், அப்புறம் எதுக்கு ஓடுறீங்க?" என்றார் வக்கீல்.

அவள் அதிகாரியைப் பார்க்கவே இல்லை. சுவரோடு ஒட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற தன் கணவரைத்தான் பார்த்தாள்.

"இது உங்களுக்கு அங்கயே சொல்லிக் குடுத்தாங்களா?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கையை இறக்கினார்.

"ஆமா."